காற்று முதலில் எடுப்பது நல்ல மண்ணைத்தான்

மண் அரிப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மழைதான். வெள்ளம் கரையை அறுப்பது, சரிவில் பள்ளம் விழுவது, ஆறு கலங்கி ஓடுவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அரிப்பு. காற்று செய்யும் அரிப்பு அப்படிச் சட்டென்று தெரியாது. பள்ளம் விழாது, கரை சரியாது. வயலின் மேற்பரப்பு முழுக்க மெல்லிய அடுக்கு ஒன்று குறைந்துபோகும், அவ்வளவுதான். மறுநாள் போய்ப் பார்த்தால் வயல் அங்கேயேதான் இருக்கும். விளைச்சல் சில ஆண்டுகள் தொடர்ந்து குறைந்த பிறகு, விதையையும் உரத்தையும் மழையையும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான், பல இடங்களில் இதன் பக்கம் கவனம் திரும்புகிறது.

ஆனால் இது சிறிய பிரச்சினை இல்லை. 1990-களின் தொடக்கத்தில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்துக்காக உலக மண்சீர்கேட்டு வரைபடம் ஒன்று தயாரானது. மனிதர்களின் செயலால் கெட்டுப்போன நிலம் ஏறக்குறைய 196 கோடி ஹெக்டேர் என்றும், அதில் நீர் அரிப்பால் கெட்டது ஏறக்குறைய 109 கோடி, காற்று அரிப்பால் கெட்டது ஏறக்குறைய 55 கோடி என்றும் அது கணக்கிட்டது. ஒவ்வொரு பகுதியையும் அறிந்த வல்லுநர்களின் மதிப்பீட்டை வைத்து வரைந்த படம் அது. நிலத்தை அளந்து எடுத்த கணக்கு இல்லை. இருந்தாலும் நிலம் கெடும் காரணங்களில் நீருக்கு அடுத்த இடம் காற்றுக்கு என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

காற்று தன் வேகத்தால் மேல்மண்ணின் துகள்களைப் பெயர்த்து, சுமந்துபோய், வேறு இடத்தில் போடுவதுதான் காற்று அரிப்பு. பூமியில் இது என்றைக்கும் நடந்துவரும் வேலை. சீனாவின் லோயஸ் பீடபூமியே காற்று பல லட்சம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மண்தான். பல இடங்களில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமாகப் படிந்திருக்கும் அந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உழவு நடக்கிறது. ஆக, காற்று மண்ணை நகர்த்துவதையே கேடு என்று சொல்லிவிட முடியாது. மண் உருவாகும் வேகத்தைவிட அது பறிபோகும் வேகம் பல மடங்கு கூடும்போதுதான் நிலம் சீர்கெடுகிறது. ஒரு செ.மீ. மேல்மண் உருவாக நூறு ஆண்டும் ஆகலாம், பல நூறு ஆண்டும் ஆகலாம். காய்ந்து திறந்துகிடக்கும் நிலத்தில் அதைப் பறிகொடுக்க ஒரே ஒரு காற்றுப் பருவம் போதும்.

ஒரு துகளைப் பின்தொடர்ந்தால்

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள, ஒரேயொரு மணல்துகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல வழி. விட்டம் கால் மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். உழுது தூளாக்கிய காய்ந்த வயலின் மேல் அது கிடக்கிறது. தரையை ஒட்டிய மிக மெல்லிய படலத்தில் காற்று கிட்டத்தட்ட நின்றுவிடும். உயரம் கூடக்கூடத்தான் வேகம் கூடும். அதனால் இளங்காற்றில் துகள் அசையாது. தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் காற்று மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. வேகத்தைத் தொடும்போது நிலைமை மாறுகிறது. துகள் இருந்த இடத்திலேயே ஆடும். கொஞ்சம் உருளும். அப்புறம் திடீரென்று மேலே எம்பும்.

எம்பியதும் அது வேகமான காற்றுக்குள் போய்விடுகிறது. சில செ.மீ. முதல் ஏறக்குறைய முழங்கால் உயரம் வரை எழும்பி, எழும்பிய உயரத்தைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு தூரம் முன்னே ஓடி, மிகத் தாழ்ந்த சாய்வில் தரையில் வந்து மோதுகிறது. தரைக்கும் அதன் பாதைக்கும் இடையிலான கோணம் 6 முதல் 12 பாகைதான். காற்று அரிப்பில் மற்ற எல்லாமே இந்த மோதலிலிருந்துதான் தொடங்குகின்றன. விழுந்த இடத்தில் அது வேறு துகள்களைத் தட்டி எழுப்புகிறது. அவையும் எம்பி, ஓடி, மோதி, இன்னும் பலவற்றை எழுப்புகின்றன. ஒருமுறை தொடங்கிவிட்டால், தொடங்கி வைக்கத் தேவைப்பட்ட வேகம்கூட அதன்பின் வேண்டியதில்லை. அதைவிடக் குறைந்த காற்றே இந்த ஓட்டத்தைத் தொடர்ந்து நடத்திவிடும்.

இதை முதன்முதலில் முறையாக அளந்தவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். எகிப்திலும் லிபியாவிலும் பாலைவனத்தில் மோட்டார் வண்டியில் நீண்ட பயணங்கள் போனவர். ஊர் திரும்பியதும் 1930-களில் ஒரு காற்றுச் சுரங்கம் கட்டி, அதற்குள் மணலைப் பறக்கவிட்டு அளந்தார். 1941-ல் அதையெல்லாம் நூலாக வெளியிட்டார். துள்ளிவரும் ஒரு துகள் மோதினால், தன்னைவிட ஆறு மடங்கு விட்டமும் 200 மடங்கு எடையும் உள்ள துகளைக்கூட நகர்த்திவிடும் என்று அவர் கண்டார். அதே காலத்தில் தொடங்கி, கனடாவிலும் பிறகு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலும் வில்லியம் செப்பில் என்ற விஞ்ஞானி இதே வேலையைப் பாலைவன மணலை விட்டு உழவு மண்ணில் செய்தார். இன்று வயல்களுக்குச் சொல்லப்படும் பரிந்துரைகளில் பெரும்பகுதிக்கு அடித்தளம் அவர் எடுத்த அளவுகள்தான்.

காற்றில் மண் மூன்று விதமாக நகர்கிறது. நாம் பின்தொடர்ந்த துகளைப்போல் 0.1 முதல் 0.5 மி.மீ. வரை உள்ளவை துள்ளித் துள்ளிப் போகும். வயலில் நகரும் மண்ணில் பாதி முதல் முக்கால் பங்கு வரை இப்படித் துள்ளிப் போவதுதான். அதைவிடப் பெரியவை, ஒரு மி.மீ. அளவு வரை, மேலே எழ முடியாமல், துள்ளி வருபவை முட்டித்தள்ள, தரையோடு உருண்டு போகும். 0.1 மி.மீ.க்கும் சிறியவை தூசியாக மேலேறிக் காற்றோடு கலந்துவிடும். இவற்றில் மிக நுண்ணியவை நாள்கணக்கில் கீழே இறங்காது. கடல் தாண்டிப் போகும்.

இங்கே பலருக்கும் ஆச்சரியம் தரும் விஷயம் ஒன்று உண்டு. துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு சுலபமாகப் பறக்கும் என்றுதானே தோன்றும்? அப்படி இல்லை. 0.1 மி.மீ. அளவுள்ள துகள்தான் எல்லாவற்றிலும் எளிதாகக் கிளம்பும். அதைவிட நுண்ணிய களிமண், வண்டல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று மட்டும் தனியாக அவற்றைப் பெயர்ப்பது கடினம். துள்ளிவரும் மணல் வந்து மோதும்போதுதான் அந்த ஒட்டு உடைந்து தூசி கிளம்புகிறது. அதனால் தூசியை நிறுத்த வேண்டும் என்றால் தூசியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. தரையோடு துள்ளி ஓடும் மணலை நிறுத்தினால் போதும். பின்னால் வரப்போகும் தடுப்பு முறைகள் அத்தனையும் இந்த ஓர் உண்மையைச் சுற்றித்தான் நிற்கின்றன.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட்டு மேலே போகலாம். காற்று சுமக்கக்கூடிய மண்ணின் அளவு அதன் வேகத்தின் முப்படியை ஒட்டிக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சுமை ஏறக்குறைய எட்டு மடங்கு. ஆண்டு முழுக்க வீசும் சாதாரணக் காற்று செய்யாததைப் பலத்த காற்று வீசும் சில நாள்கள் செய்துவிடுவது இதனால்தான். இரண்டாவது, காற்று வந்து நுழையும் ஓரத்தில் மண் அதிகம் நகராது; ஆனால் வயலின் குறுக்கே போகப்போக, ஒவ்வொரு துகளும் பலவற்றைக் கிளப்ப, ஓட்டம் பெருகிக்கொண்டே போகும். தடையில்லாத பெரிய வயலில் மறு ஓரத்தில் பறக்கும் மண், நுழைவு ஓரத்தில் பறப்பதைவிடப் பல மடங்கு அதிகம்.

போவது எது, மிஞ்சுவது எது

களத்தில் நெல்லைத் தூற்றினால் பதர் பறந்துபோகும், மணி காலடியில் குவியும். காற்று மண்ணைத் தூற்றும்போது இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மணி பறந்துபோகிறது, நமக்கு மிஞ்சுவது பதர்.

களிமண் துகளும் மட்கும்தான் மண்ணில் மிக நுண்ணியவை, இலேசானவை. ஈரத்தைப் பிடித்து வைப்பவையும் அவைதான். தழைச்சத்தின் பெரும்பகுதி மட்கில் இருக்கிறது; மணிச்சத்து நுண்துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறது. வயலிலிருந்து கிளம்பும் தூசியைப் பிடித்துச் சோதித்தால், அது கிளம்பிய மண்ணைவிட அந்தத் தூசியில் சத்து கூடுதலாக இருக்கும். பத்து டன் மண் போனது என்றால் சராசரி மண் பத்து டன் போனதாக நினைக்கக் கூடாது. இருப்பதிலேயே சிறந்த பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

என்னைக் கேட்டால், காற்று அரிப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதைத்தான் வைக்க வேண்டும். எத்தனை டன் போனது என்ற கணக்கைவிட, போனதில் என்ன இருந்தது என்பது பெரிய கேள்வி. போன சத்தை உரமாகத் திருப்பிப் போடலாம், சரி. ஆனால் அந்த உரத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய களிமண்ணும் மட்கும் போய்விட்டதே! மிஞ்சிய மணலில் ஊற்றும் நீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும், போடும் உரமும் அதோடு இறங்கிவிடும். மண் சீக்கிரம் காயும். பயிர் மெலிந்து வளரும். மெலிந்த பயிர் தரையை மூடாது. மூடாத தரையில் அடுத்த காற்று இன்னும் சுலபமாக வேலை செய்யும். ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றை எளிதாக்குகிறது.

அளவும் கண்ணை ஏமாற்றும். ஒரு ஹெக்டேரில் ஒரு மி.மீ. மண் குறைந்தால் அது 10 கன மீட்டர். எடையில் ஏறக்குறைய 13 டன். தரை ஒரு மி.மீ. தாழ்ந்ததை எந்தக் கண்ணாலும் காண முடியாது. இதைவிட அதிகமாக ஒரே புயலில் போன வயல்கள் உண்டு.

மண் போவதோடு விஷயம் முடிவதுமில்லை. முளைத்து இரண்டு இலை விட்ட நாற்றுகள் நிற்கும் வயலில், தரையோடு ஓடும் மணல் அந்த இலைகளைத் தேய்த்து அறுத்துவிடும். பருத்தி, காய்கறி, சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வகை போன்றவை இதில் மிக மென்மையானவை; ஒரே நாள் மணலடியில் மறுபடி விதைக்க வேண்டிய நிலை வந்துவிடும். பறந்த மண் வாய்க்காலைத் தூர்க்கும், சாலையை மூடும், வேலியை ஒட்டிக் குவிந்து வேலியையே விழுங்கும். தூசி நுரையீரலுக்குள் போகும். அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பனியின் மேல் படியும் தூசி வெயிலை உறிஞ்சுவதால் பனி முன்கூட்டியே உருகிவிடுகிறது. அந்தப் பனியை நம்பியிருக்கும் ஆறுகளின் நீர்வரத்தும் தேதி மாறிப்போகிறது.

தூசியால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. சஹாராவின் தெற்கே, சாட் நாட்டில், முன்பு பெரிய ஏரியாக இருந்து வற்றிய போடெலே பள்ளம் உலகிலேயே அதிகமாகத் தூசி கிளம்பும் இடங்களில் ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஆண்டுதோறும் சராசரியாக ஏறக்குறைய 2.8 கோடி டன் தூசி அமேசான் படுகையில் இறங்குவதாகவும், அதில் 22,000 டன் அளவுக்குப் பாஸ்பரஸ் இருப்பதாகவும், 2007 முதல் 2013 வரையிலான செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். மழையில் சத்து கரைந்து போய்க்கொண்டே இருக்கும் அந்தக் காட்டுக்கு இது ஓரளவு ஈடு. ஆண்டுக்கு 200 கோடி டன் அளவில் வளிமண்டலத்தில் ஏறும் தூசியில் பெரும்பகுதி இப்படி இயற்கையாகக் கிளம்புவது. ஏறக்குறைய கால் பங்கு மனிதர்களின் செயலால் கிளம்புவது என்று ஐ.நா. அமைப்புகள் சொல்கின்றன. நம் கவலை அந்தக் கால் பங்கைப் பற்றித்தான்.

நிலத்தைத் திறந்து போட்டது யார்?

காற்று அரிப்புக்கு நான்கு விஷயம் ஒன்றுசேர வேண்டும்: பலமான காற்று, காய்ந்த மேல்மண், தூளான மேற்பரப்பு, மூடாத தரை. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது ஓரளவுக்குத்தான். மற்ற இரண்டும் முழுக்க நாம் செய்வது. அதனால், வறட்சி வந்தது, காற்று அடித்தது, மண் போனது என்று கதையை முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வறட்சி வந்தபோது நிலம் எந்த நிலையில் கிடந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதற்கு உலகமே பாடமாக எடுத்துக்கொண்ட உதாரணம் 1930-களில் அமெரிக்காவின் தெற்குப் பெருஞ்சமவெளியில் நடந்தது. ஓக்லஹோமா, டெக்சாஸ், கான்சஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்கள் சேருமிடம் அது. மழை குறைந்த பகுதி. ஆனால் ஆழமாக வேர்விட்ட குட்டைப் புல் தரையை இறுக்கிப் பிடித்திருந்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் கோதுமை விலை ஏறியது, டிராக்டர் வந்தது, மண்ணைத் தூளாக்கிப் புரட்டும் வட்டத்தட்டுக் கலப்பை வந்தது. 1920-களில் மழையும் ஓரளவு ஒத்துழைத்தது. புல்வெளி லட்சக்கணக்கான ஏக்கரில் உழப்பட்டது. பின்பு விலை சரிந்தது. சரிந்த விலையை ஈடுகட்ட இன்னும் உழுதார்கள். 1931-லிருந்து மழை பொய்த்தது. விதைத்த கோதுமை முளைக்கவில்லை, முளைத்ததும் நிற்கவில்லை. பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் நிலம் தூளாக, மூடுவதற்கு ஒரு பயிர்த்தாள்கூட இல்லாமல் கிடந்தது.

1934 மே மாதம் கிளம்பிய ஒரு புயல் அந்தத் தூசியை நியூயார்க் வரை கொண்டுவந்தது. கடலில் இருந்த கப்பல்களின் மேல்தளத்திலும் தூசி படிந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புயல் பட்டப்பகலை இருட்டாக்கியது. அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்று இன்றும் சொல்கிறார்கள். தூசியைச் சுவாசித்து நுரையீரல் அழற்சியால் இறந்தவர்கள் உண்டு. அந்தப் பத்தாண்டுகளில் சமவெளி மாநிலங்களை விட்டு ஏறக்குறைய 25 லட்சம் பேர் வெளியேறினார்கள். ஆனால் அதே வறட்சியில், அதே காற்றில், உழாமல் விட்ட புல்வெளி பெருமளவு தாங்கி நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் மண் பறந்தது, அந்தப் பக்கம் நின்றது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற மண்ணியலாளர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மண் அரிப்பைப் பற்றி விடாமல் எச்சரித்து வந்தவர். 1935 வசந்தத்தில் அவர் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் பேசிக்கொண்டிருந்த நாள்களில் சமவெளியின் தூசி தலைநகரின் வானத்துக்கே வந்துசேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. மண் பாதுகாப்புத் துறை உருவாகி, அதன் முதல் தலைவரானார் பென்னட்.

பாடம் எல்லோருக்கும் போய்ச்சேரவில்லை. சோவியத் ஒன்றியம் 1954-ல் கன்னிநிலத் திட்டத்தைத் தொடங்கி, கஜகஸ்தானிலும் சைபீரியாவிலும் சில ஆண்டுகளுக்குள் 4 கோடி ஹெக்டேருக்கும் மேல் புல்வெளியை உழுதது. முதலில் நல்ல மகசூல். 1960-களின் தொடக்கத்தில் தூசிப் புயல். அதன்பிறகுதான் அங்கே அடித்தாளை, அதாவது அறுத்தபின் வயலில் மிஞ்சும் பயிரின் அடித்தண்டை, நிற்கவிட்டு மண்ணைப் புரட்டாமல் உழும் முறை பரவியது. மத்திய ஆசியாவின் ஆரல் கடல் என்ற பெரிய ஏரியின் கதை இன்னொரு வகை. அதில் சேரும் இரண்டு ஆறுகளின் நீரை 1960-களிலிருந்து பாசனத்துக்குத் திருப்பிவிட்டதால் கடல் சுருங்கி, அதன் அடித்தரை உப்பும் வேளாண் மருந்து எச்சமும் கலந்த தூசியைக் கிளப்பும் புதிய பாலைவனமானது.

பாலைவனப் பகுதியின் பிரச்சினைதானே இது என்று நினைப்பவர்களுக்கு ஐஸ்லாந்தைச் சொல்ல வேண்டும். குளிர், மழை, பனி எல்லாம் உள்ள தீவு. ஒன்பதாம் நூற்றாண்டில் மக்கள் குடியேறியபோது அதன் பெரும்பகுதியைப் பிர்ச் காடும் புதரும் புல்லும் மூடியிருந்தன. மரம் வெட்டினார்கள், ஆடு மேய்த்தார்கள். அங்குள்ள எரிமலைச் சாம்பல் மண் இலேசானது. மூடுகை விலகியதும் காற்று அதை அள்ளிக்கொண்டது. சில இடங்களில், சுற்றிலும் எல்லாம் போய், பழைய மண் ஆளுயரத் திட்டுகளாக மட்டும் நிற்பதை இன்றும் பார்க்கலாம். உச்சியில் புல், பக்கங்களில் அறுந்து தொங்கும் வேர். அந்த நாடு மண் பாதுகாப்புக்கென்று 1907-லேயே அரசுத் துறை ஏற்படுத்தியது. உலகின் மிகப் பழைய மண் பாதுகாப்புத் துறைகளில் அது ஒன்று.

வயலில் எப்படிக் கண்டுபிடிப்பது?

குனிந்து பார்க்க வேண்டும். செடியின் அடியில் வேர் வெளியே தெரிந்து, செடி சிறு மேட்டின் மேல் நிற்பதுபோல் இருக்கிறதா? சுற்றியிருந்த மண் போயிருக்கிறது என்று அர்த்தம். வேலி ஓரத்திலும் வரப்போரத்திலும் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய மணல் ஒதுங்கியிருக்கிறதா? மேற்பரப்பில் சிறு கல்லும் கரடுமணலும் பரவி, அடியில் தோண்டினால் மென்மையான மண் இருக்கிறதா? மேட்டுப் பகுதி மட்டும் நிறம் வெளுத்திருக்கிறதா? நாற்றின் இலை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து காய்ந்திருக்கிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை.

மண்ணையும் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்த மேல்மண்ணில் கட்டியும் திரளும் எவ்வளவு, தூள் எவ்வளவு? 0.84 மி.மீ.க்கும் பெரிய திரள்களைக் காற்று பெரும்பாலும் அசைக்காது என்பது செப்பில் வகுத்த அளவு. ஆய்வகத்தில் அந்தக் கண்ணளவுள்ள சல்லடையில் சலித்துத்தான் ஒரு மண் பறக்குமா, நிற்குமா என்று மதிப்பிடுகிறார்கள். பாதிக்கு மேல் சல்லடையில் இறங்கிவிடும் மண்ணை மூடாமல் விடுவது ஆபத்து.

தடுப்பது

முதலாவதும் முக்கியமானதும் மூடுகை. தரையில் 30 சதவீதத்தைப் பயிர்த்தாள் மூடியிருந்தாலே அரிப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறையும். மூடுகை கொஞ்சம் கூடினாலே பலன் வேகமாகக் கூடுகிறது என்பதுதான் இதில் நம்பிக்கை தருவது. முழு நிலத்தையும் மூட முடியவில்லையே என்று கைவிட்டுவிட வேண்டியதில்லை. கிடக்கும் தாளைவிட நிற்கும் அடித்தாள் இன்னும் நன்றாக வேலை செய்யும். அது காற்றைத் தரையிலிருந்து மேலே தூக்கிவிடுகிறது, துள்ளி வரும் மணலையும் தண்டில் தடுத்து நிறுத்துகிறது. அறுவடைக்குப் பின் தாளைக் கொளுத்துவதும், கடைசித் துரும்புவரை வாரிக்கொண்டு போவதும், மழைக்கு வெகுநாள் முன்பே உழுது போடுவதும் காற்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை. உழாமல் விதைப்பது, மூடாக்கு, இரண்டு பயிருக்கு நடுவே மூடுபயிர் இவையெல்லாம் ஒரே நோக்கத்துக்கான வெவ்வேறு வழிகள். கால்நடைத் தீவனத்துக்கும் அடுப்புக்கும் அந்தத் தாளையே நம்பியிருப்பவர்களுக்கு இது சுலபமான அறிவுரை இல்லை. தீவனத்துக்கு மாற்று வழி காட்டாமல் தாளை விடு என்று மட்டும் சொல்லும் திட்டங்கள் நிலைக்காது.

அடுத்தது மரவரிசை. வீசும் திசைக்குக் குறுக்கே வைத்த மரவரிசை, தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றை நன்றாகக் குறைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் பலன் இருபது மடங்கு தாண்டியும் தெரியும். பத்து மீட்டர் உயர மரங்கள் என்றால் நூறு மீட்டருக்கு உறுதியான பாதுகாப்பு. ஆனால் சுவர் மாதிரி அடைத்து வைக்கக் கூடாது. அடைத்த தடுப்பைத் தாண்டும் காற்று மறுபக்கம் சுழன்று விழுந்து மண்ணைக் கிளறும். ஏறக்குறைய பாதியளவு காற்று ஊடுருவிப் போகிற மாதிரி இடைவெளி இருப்பதே நல்லது. வரிசையின் நடுவே மரங்கள் செத்து இடைவெளி விழுந்தால் அந்தச் சந்தில் காற்று இன்னும் வேகமாகப் பாயும். அதை உடனே நிரப்ப வேண்டும்.

அமெரிக்காவில் 1934 முதல் 1942 வரை சமவெளி முழுக்க 20 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை இப்படி நட்டார்கள். சீனா 1978-ல் தொடங்கிய வடக்கு மரவரிசைத் திட்டம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அங்கே நீர் குறைந்த இடங்களில் ஒரே இனப் பாப்லர் மரத்தை வரிசை வரிசையாக வைத்ததில் ஏராளமானவை காய்ந்தும் வண்டுக்கு இரையாகியும் போயின. மரம் என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிலத்தின் நீரையே உறிஞ்சி முடித்துவிடும் மரத்தைவிட அந்த மண்ணுக்கே உரிய புல்லும் புதரும் மேல். நைஜர் நாட்டு உழவர்கள் கன்று எதுவும் நடாமல், வயலில் வெட்டிய மரங்களின் கட்டையிலிருந்து தானாகத் துளிர்ப்பதைத் தேர்ந்து வளரவிட்டே, ஏறக்குறைய 50 லட்சம் ஹெக்டேரில் மரமூடுகையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே விரும்பி விடும் ஒரு வகை வேல மரம் மழைக்காலத்தில் இலை உதிர்க்கும், கோடையில் தழைக்கும். பயிருக்கு நிழல் தடை இல்லை, காற்றுக் காலத்தில் தரைக்குக் காவலும் உண்டு.

ஏற்கெனவே மணல்மேடாகிவிட்ட இடத்தில் மரம் நேரடியாகப் பிடிக்காது. சீனாவின் ஷாபோதோவில், 1958-ல் திறந்த பாவ்தோ–லான்ஜோ ரயில் பாதையை மணல் மூடாமலிருக்க, வைக்கோலைப் பாதி புதைத்து ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் கட்டமாக மணல்மேட்டையே மூடினார்கள். கட்டத்துக்குள் காற்று தணிய, மணல் நின்று, மேலே மெல்லப் பொருக்கு கட்டி, பிறகு புதர் வேர் பிடித்தது. தார்ப் பாலைவனத்தில், ஜோத்பூரில் இருக்கும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையமும் இதே வழியில்தான் போனது: முதலில் உள்ளூர்ப் புதர்க்குச்சிகளால் சிறு தடுப்பு, அப்புறம் கன்றும் புல்லும்.

சமதள வயலில் பயிர்ப்பட்டையும் தரிசுப்பட்டையும் மாறி மாறிக் காற்றுக்குக் குறுக்கே அமைத்தால், முன்பு சொன்ன ஓட்டப் பெருக்கம் நடுவிலேயே அறுபடும். மேய்ச்சல் நிலத்தில் புல் தரையோடு தேயும் முன் கால்நடையை மாற்றிவிட வேண்டும். இவை எல்லாம் தவறி, நிலம் கண்ணெதிரே பறக்கத் தொடங்கிவிட்டால் கடைசி வழி ஒன்று உண்டு: காற்றுக்குக் குறுக்கே ஆழமாகச் சால் ஓட்டி, அடியிலிருந்து கட்டிகளைப் புரட்டி மேலே போடுவது. காற்று நுழையும் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். களிமண் கலந்த நிலத்தில் இது சில வாரம் தாங்கும். வெறும் மணலில் கட்டியே வராது, அங்கே இதனால் பயனில்லை.

அந்த நுழைவு ஓரம் பெரும்பாலும் அடுத்தவர் வயலின் எல்லை. மேல்காற்றுப் பக்கத்து நிலத்திலிருந்து மணல் துள்ளி வந்துகொண்டே இருந்தால், இந்தப் பக்கத்துக்காரர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவருடைய மண்ணையும் அது கிளப்பிவிடும். 1937-லிருந்து அமெரிக்க மாநிலங்கள் மண் பாதுகாப்பு வட்டங்களை அமைத்து, அந்தந்த வட்டாரத்து உழவர்களே கூடி முடிவெடுக்க வழி செய்தது இதற்காகத்தான். கான்சஸில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பறக்கும் நிலத்தை உரிமையாளர் கவனிக்காமல் விட்டால், வட்டார நிர்வாகமே டிராக்டரை இறக்கிச் சால் ஓட்டிவிட்டு, செலவை அந்த நிலத்தின் வரியோடு சேர்த்து வசூலிக்கலாம்.